பனிப்பாதையில் இருவர்

ஆபிரகாம் தமது நாட்டையும் தந்தையின் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட வேளையில் அவருக்கு வயது 75 எனத் தொடக்கநூல் கூறுகிறது. இப்பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். திருப்பலியில் வாசிக்கக் கேட்டும் இருக்கிறோம். ஆயினும் அந்த வயதின் பாரத்தை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. 75 வயதில் ஒருவர் தமது சாய்மனைக் கதிரையை முற்றத்திலிருந்து விறாந்தைக்கு மாற்றவே தயங்குவார். ஆபிரகாமோ அறியாத தேசத்துக்குப் பயணமானார். சாராவும் உடன் சென்றார். அவரிடம் எவரேனும் சம்மதம் கேட்டதாக நூலில் இல்லை என்பது வேறு விடயம்.

மறைபரப்பாளர் என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுவது வெண்ணிற அங்கியணிந்த ஒரு குருவானவர் அல்லது ஒரு கன்னியாஸ்திரி. பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு கணவனும் மனைவியும் அந்தக் காட்சியில் இடம்பெறுவதில்லை. எனினும் திருத்தூதர் பணிகள் நூலில் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கணவனும் மனைவியுமாகவே நமக்கு அறிமுகமாகின்றனர். உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்துக்கு வந்து, கூடாரத் தொழில் செய்து பிழைத்து, பவுலடியாருக்குத் தங்கள் வீட்டில் இடமளித்து, பின்பு எபேசுக்கும் சென்ற தம்பதியர் அவர்கள். அவர்கள் பெரிய மறையுரை நிகழ்த்தியதாக நூல் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதன் கதவு திறந்திருந்தது.

இந்த எண்ணத்தோடு நாம் இன்று ரஷ்யாவை நோக்குவோம். நம்மவர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான நாடன்று. மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் பயின்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் திரும்பிவந்தவர்கள் நமது ஊர்களிலும் இருந்தனர். முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் நமது அலுமாரிகளில் இருந்தன. ஆனால் அந்நூல்களில் ஆலயங்கள் இல்லை.

சோவியத் ஆட்சி தளர்ந்த 1990ஆம் ஆண்டளவில் தொடங்கி, அந்நாட்டுக்கு வெளிநாட்டு மறைபரப்பாளர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒரு சாரார் வயோதிபத் தம்பதியர். பெரும்பாலானோர் அமெரிக்கர். சில புரட்டஸ்தாந்து சபைகளும் அவ்வாறானோரை அனுப்பின. ஆனால் இதனை ஓர் ஒழுங்கான வழக்கமாகவே கொண்டிருப்பது மோர்மன் என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை. அச்சபையில் இளைஞர்கள் பணிக்குச் செல்வதுபோலவே, வேலையிலிருந்து இளைப்பாறிய கணவனும் மனைவியும் ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுகளுக்கோ தங்கள் சொந்தச் சேமிப்பைச் செலவிட்டுப் புறப்படுகின்றனர். அச்சபையின் போதனை நமது விசுவாசத்திலிருந்து மிகவும் வேறுபட்டது என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. அவர்களது திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை என்று 2001ஆம் ஆண்டு உரோமை தீர்ப்பளித்தது. அந்த வேறுபாட்டைப் பேசுவது இன்றைய பத்தியின் நோக்கமன்று. தம் நாட்டில் வீடும் தோட்டமும் பேரப்பிள்ளைகளும் கொண்டிருந்த இருவர், அறுபத்தைந்து எழுபது வயதில் பனி படர்ந்த ஒரு நகரத்தில் எவ்வாறு நாட்களைக் கழிக்கின்றனர் என்பதே நாம் அறிய விரும்புவது.

பெரும்பாலும் அவர்களது வாசம் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில். 1950களின் பிற்பகுதியிலிருந்து குருசேவ் காலத்தில் நாடெங்கும் எழுப்பப்பட்ட ஐந்து மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. ஐந்தாம் மாடியில் வீடு கிடைத்தவர் உருளைக்கிழங்கையும் கோவாவையும் தோளில் சுமந்தே ஏறவேண்டும். வீட்டின் வெப்பத்தை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை, நகரம் தீர்மானிக்கிறது. வெளியில் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாட்கள் 8 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நகர நிர்வாகம் வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிடும். மொஸ்கோவில் அது பெரும்பாலும் ஒக்டோபர் முற்பகுதியில் நிகழும். அதற்கு முந்திய இரண்டு வாரங்கள் வீட்டுக்குள் மேலங்கியோடு அமர்ந்திருக்க வேண்டும். திறந்த பின்போ சூடு தாங்காமல் சாளரத்தின் சிறுகதவைத் திறந்துவிட வேண்டும். வெளியே உறைபனி, உள்ளே வியர்வை. கோடையில் குழாய்களைப் பழுதுபார்ப்பதற்காகப் பத்து நாட்களோ இரண்டு வாரங்களோ வெந்நீரை நிறுத்திவிடுவார்கள். அந்நாட்களில் அமெரிக்க மாதரசி பானையில் நீர் காய்ச்சிக் குளிக்கப் பழகுகிறார். நமது அம்மாமார் இதனைக் கேட்டால் இதிலென்ன வியப்பு என்பார்கள்!

டிசெம்பர் மாதத்தின் பிற்பகுதியில் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் பகல் ஆறு மணித்தியாலம்கூட நீடிப்பதில்லை. காலை பத்து மணியளவில்தான் சூரியன் எழுகிறது. இருளில் எழுந்து, இருளில் செபித்து, இருளிலேயே வெளியே புறப்பட ஆயத்தமாக வேண்டும். உள்ளாடை, கம்பளிச் சட்டை, மேலங்கி, கழுத்துத்துணி, தொப்பி, இரட்டைக் கையுறை என்று அணிந்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகிறது. இறுதியில் சப்பாத்தின் வாரைக் குனிந்து கட்ட மனைவிக்கு இயலாதபோது கணவர் முழந்தாளிட்டுக் கட்டிவிடுகிறார். பெரிய வியாழனன்று குருவானவர் பாதங்களைக் கழுவும்போது நாம் பக்தியோடு நோக்குகிறோம். குளிர்நாடுகளில் முதியவர்கள் இதனை நாள்தோறும் ஆரவாரமின்றிச் செய்துகொள்கிறார்கள்.

வெளியே வந்ததும் பனி. பனி அழகானது, ஆபத்து அதன் அடியில் இருக்கும் கண்ணாடி போன்ற உறைநீர்ப் படலத்தில்தான். பிள்ளைகளோடு வசிக்கவென்று கனடாவுக்கோ நோர்வேக்கோ சென்ற நம் பெற்றோருக்கு இது நன்கு தெரியும். இடுப்பெலும்பு முறிந்தால் பணி முடிந்தது. விமானமேறி ஊர் திரும்ப வேண்டியதுதான். எனவே இருவரும் ஒருவர் கையை மற்றவர் இறுகப் பற்றிக்கொண்டு, பாதத்தை உயர்த்தாமல் அடிமேல் அடிவைத்து நடக்கின்றனர். வசந்தம் நெருங்கும்போது வேறோர் ஆபத்து தலைக்கு மேலே தொங்குகிறது. கூரை விளிம்பிலிருந்து விழும் பனிக்கட்டி ஈட்டிகளால் ரஷ்ய நகரங்களில் உயிர்கள் பலியானதுண்டு. கீழே வழுக்கும், மேலே விழும். மனிதர் எந்தப் பக்கம்தான் பார்ப்பது?

நிலத்தடி ரயிலில் இறங்கினால் ஓரளவு ஆறுதல். மொஸ்கோவின் வெற்றிப் பூங்கா நிலையம் ஏறக்குறைய 84 மீற்றர் ஆழத்தில் உள்ளது. நகரும் படிக்கட்டில் இறங்குவதற்கே மூன்று நிமிடங்கள் செல்லும். அந்த மூன்று நிமிடங்களில் ஒரு பத்து மணிச் செபமாலையைச் சொல்லி முடிக்கலாம் என்று ஒரு கத்தோலிக்கர் கணக்குப் போடுவார். பெட்டிக்குள் ஏறியதும் எங்கிருந்தோ ஓர் இளைஞன் எழுந்து இடம் தருகிறான். அவன் முகத்தில் புன்னகை இல்லை. அறியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அந்நாட்டு வழக்கமன்று. அமெரிக்கருக்கோ சிரிக்காமல் இருக்க முடியாது. காரணமின்றிச் சிரிப்பவரை ஏமாற்றுக்காரராகவோ புத்தி பேதலித்தவராகவோ கருதக்கூடும் என்று சொல்லித் தந்த பிறகு, புதிதாக வந்த தம்பதியர் முதலில் பயில்வது தமது புன்னகையை அடக்கிவைப்பதைத்தான்.

மொழியோ பெரும் மலை. 33 எழுத்துகள், அவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஆறு வேற்றுமைகள் உண்டு. எட்டு வேற்றுமைகளோடு பிறந்து வளர்ந்த நமக்கு அது பெரிதாகத் தோன்றாது. பெயர்ச்சொல்லின் கடைசியில் உருபை மாற்றத் தெரியாத ஆங்கிலம் பேசுபவருக்கு அது பாலைவனப் பயணம். நடந்து போவதற்கு ஒரு வினைச்சொல். வண்டியில் போவதற்கு வேறொன்று. அமெரிக்காவிலிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், நடந்து வந்தோம் என்று பதில் சொல்லிவிட்டு, எல்லோரும் ஏன் சிரிக்கின்றனர் எனப் புரியாமல் நிற்க நேரிடும். பெரியவர்களைப் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்து அழைக்க வேண்டும். தந்தை பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து திரியும் தமிழருக்கு இதுவும் எளிதில் விளங்கும்.

சமையலறையில் கறுத்த பாண், பீட்ரூட் சூப், கோவா, ஊறவைத்த வெள்ளரிக்காய், புளித்த பாலாடை. விருந்துக்கு அழைத்த வீட்டில் செருப்பை வாசலில் கழற்றியதும் வீட்டுச் செருப்பைத் தருவார்கள். பூங்கொத்து கொண்டுபோனால் ஒற்றை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை மலர்கள் சாவீட்டுக்குரியவை. வாசற்படிக்கு மேலாகக் கைகுலுக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பழகிவிடலாம். மோர்மன் தம்பதியருக்கு மாத்திரம் மேசையில் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. அவர்களது சபை ஒழுங்கின்படி மதுவும் ஆகாது, கோப்பியும் ஆகாது, தேநீரும் ஆகாது. தேநீர் அருந்தாத விருந்தாளியை ரஷ்ய வீட்டுக்காரி என்ன செய்வாள்? இலங்கையர் நாமும் அவளைப் போலவே திகைத்திருப்போம். காய்ந்த பழங்களை அவித்த நீரும் காட்டுமூலிகைக் கஷாயமும் இறுதியில் இரு தரப்பையும் காப்பாற்றுகின்றன.

கட்டட வாசலில் ஒரு வாங்கு உண்டு. அதில் பபூஷ்காக்கள் எனப்படும் பாட்டிமார் அமர்ந்திருப்பர். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் தொப்பி அணியவில்லை என்பதெல்லாம் அவர்களது கணக்கில் உண்டு. குளிர்ந்த கல்லில் அமர்ந்தால் முன்பின் அறியாதவரையும் அதட்டி எழுப்புவார்கள். அந்த வாங்கில் ஏன் பாட்டிமார் மாத்திரம்? இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம். அத்தலைமுறையின் விதவைகள் பிள்ளைகளைத் தனியே வளர்த்தனர். ஒன்றியம் சிதறிய பின்னர் வேலையின்மையும் மதுவும் நோயும் ஆண்களை மீண்டும் வாரிச் சென்றன. 2005ஆம் ஆண்டில் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 59 ஆண்டுகளையே அண்மித்திருந்தது. பெண்களோ அதைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். அக்காலத்தில் ஆண்களின் ஓய்வூதிய வயது 60. பலர் ஓய்வூதியத்தின் முதற் காசைக் காணவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வாசலில் நாள்தோறும் எழுபது வயதுக் கணவரும் மனைவியும் கைகோத்து நடந்து வருகின்றனர். மரக்கறிப் பையை அவர் சுமக்கிறார். அவரது வாயில் மது நெடி இல்லை. அவர் மனைவியிடம் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். வாங்கில் இருந்தோருக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும்? அந்தத் தம்பதியர் ரஷ்ய மொழியில் ஒரு மறையுரையும் ஆற்ற வல்லவரல்லர். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒன்றாக வாழ்ந்து, இன்னும் ஒருவர்மேல் ஒருவர் சலிக்காத இரு முதியவர்களை அந்தப் பாட்டிமார் அருகிலிருந்து கண்டனர். அவர்களுள் ஒருத்திக்கு அது ஆறுதலாகவும் இன்னொருத்திக்குப் பழைய காயத்தைக் கிளறுவதாகவும் இருந்திருக்கலாம்.

சலிக்காத என்று எழுதிவிட்டோம். அது முழு உண்மையாக இருக்க முடியாது. சொந்த ஊரில் அவருக்கு நண்பர்கள், அவளுக்குச் சகோதரிகள், இருவருக்குமிடையே போதிய இடைவெளி. இங்கோ இரண்டு அறைகள், வெளியே இருள், பேசுவதற்கு ஒருவரையொருவர் விட்டால் வேறெவரும் இல்லை. முப்பது ஆண்டுகளாகக் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வந்த கணவர் இப்போது நாள் முழுவதும் அடுக்களை வாசலில் நிற்கிறார். அவர் முகவரியைத் தவறாக வாசித்ததால் தவறான பஸ்ஸில் ஏறி, பனியில் ஒரு மணித்தியாலம் நின்ற மாலையில் இருவரும் பேசாமலே உறங்கச் செல்வதும் உண்டு. ஊரிலிருந்தால் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகலாம். இங்கு எங்கே போவது? மறுநாள் காலை அதே சப்பாத்து வாரை அவர்தான் கட்டிவிட வேண்டும். பணிக்காகப் புறப்பட்டவர்கள் முதலில் தமது மணவாழ்வையே மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது.

இடையிடையே தொலைபேசி ஒலிக்கிறது. மொஸ்கோவுக்கும் அவர்களது ஊருக்கும் ஒன்பது பத்து மணித்தியால வேறுபாடு. அங்கு விடியும்போது இங்கு மாலை. பேத்தி பிறந்த செய்தியும் அவ்வழியே வருகிறது. அண்ணனின் மரணச் செய்தியும் அவ்வழியே வருகிறது. அடக்கத்துக்குப் போக இயலாத துயரத்தைப் புலம்பெயர்ந்தோரைப் பெற்ற நமது குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் ஒன்றே. நம்மிடையே பிள்ளைகள் போய்விட்டனர், பெற்றோர் காத்திருந்தனர். இங்கே பெற்றோர் போய்விட்டனர், பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.

அவர்கள் செய்யும் வேலைதான் என்ன? வாடகை மண்டபத்தில் ஞாயிறு தோறும் கூடும் சிறு குழுவுக்குக் கதிரைகளை ஒழுங்குபடுத்துதல், பியானோ வாசித்தல், கணக்கெழுதுதல், விரும்பியோருக்கு ஆங்கிலம் பழக்குதல், நோயுற்ற விதவையின் வீட்டுக்குச் சென்று சூப் கொடுத்தல், சிறுவர் இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ தேவையான போர்வையையும் சக்கர நாற்காலியையும் கொண்டுசேர்த்தல். ஒரு பங்கில் சங்கீதக் குழுவினரும் மரியாயின் சேனையினரும் ஆலயத்தைப் பெருக்கும் பெண்களும் செய்யும் அதே வேலைகள்.

இனி, நாம் தவிர்க்க முடியாத கேள்விக்கு வருவோம். ரஷ்ய மக்கள் 988ஆம் ஆண்டு முதல் திருமுழுக்குப் பெற்றவர்கள். எழுபது ஆண்டுக் கொடுமையிலும் ஒளித்துவைத்த திருவுருவப் படங்களின் முன்னே விளக்கேற்றியவர்கள் அந்தப் பாட்டிமாரே. அப்படிப்பட்டோருக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து கிறிஸ்துவை அறிமுகப்படுத்துவதா? ஓர்தொடொக்ஸ் திருச்சபை இதனைக் கேட்டபோது அதில் நியாயமில்லை என்று எளிதாகச் சொல்ல முடியாது. நமக்கும் அக்கேள்வி கேட்கப்பட்டது. 1930களின் முடிவில் ரஷ்யாவில் கத்தோலிக்கருக்கு எஞ்சியிருந்தவை இரண்டே ஆலயங்கள்: மொஸ்கோவின் புனித லூயி ஆலயம், லெனின்கிராட்டின் லூர்து அன்னை ஆலயம். 1938இல் மூடப்பட்ட மொஸ்கோ அமலோற்பவ அன்னை ஆலயத்தின் உட்பகுதியில் மாடிகள் எழுப்பி அலுவலகங்கள் அமைத்திருந்தனர். அது 1999 டிசெம்பரில்தான் மீண்டும் அபிஷேகம் செய்யப்பட்டது. 2002 பெப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நாட்டில் நான்கு மறைமாவட்டங்களை நிறுவியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது; இரண்டு மாதங்களில் இர்குட்ஸ்க் ஆயர் யெர்சி மசூரின் வீசா ரத்துச் செய்யப்பட்டது. இத்தனைக்கும் அவரது மந்தையில் பெரும்பாலோர் நாடுகடத்தப்பட்ட போலந்து, ஜேர்மன், லித்துவேனியக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். அடுத்தவரின் தோட்டத்தில் பறிப்பதும் தன் பிள்ளையைத் தேடிப் போவதும் ஒன்றல்ல. ஆனால் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும்.

சட்டமும் படிப்படியாக இறுகியது. 1997ஆம் ஆண்டுச் சட்டம், 15 ஆண்டுகள் இயங்கியதை நிரூபிக்க இயலாத புதிய குழுக்களின் உரிமைகளைக் குறைத்தது. 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தங்கள், அனுமதிக்கப்பட்ட வழிபாட்டிடங்களுக்கு வெளியே மறைபரப்புவதைத் தடைசெய்தன. குடியிருக்கும் வீடுகளிலும் அது தடையாயிற்று. மீறும் வெளிநாட்டவருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம் விதிக்கலாம். நாட்டை விட்டும் வெளியேற்றலாம். மோர்மன் சபை தனது மறைபரப்பாளர்களைத் தொண்டர்கள் என்று பெயர்மாற்றிச் சட்டத்துக்கு அமைந்தது. அன்றிலிருந்து அம்முதியவர்கள் தமது அயலவரிடம் கிறிஸ்துவைப் பற்றித் தாமாகப் பேச்செடுக்க முடியாது. வாயைக் கட்டிப்போட்ட பின் அவர்களிடம் எஞ்சியவை இரண்டு கைகளும் ஒரு பானை சூப்பும். அது குறைவா கூடுதலா என்று நமக்குள் விவாதிக்கலாம். பேச உரிமை இருந்தும் அயல்வீட்டு விதவைக்குச் சூப் கொண்டுபோகாத நாம் அந்த விவாதத்தில் உரத்துப் பேசாதிருப்பது நல்லது.

நத்தாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையடையாது. ரஷ்யாவில் டிசெம்பர் 25 ஒரு சாதாரண வேலைநாள். கடைகள் திறந்திருக்கும், பஸ்கள் நிறைந்திருக்கும், மணியொலி இல்லை. இருவரும் சிறு மரமொன்றைச் சோடித்து, பிள்ளைகளின் குரல்களைத் தொலைபேசியில் கேட்டு, நன்றி சொல்லி உறங்குகின்றனர். பதின்மூன்று நாட்கள் கழித்து, பழைய நாட்காட்டிப்படி, ஜனவரி 7இல் நகரமே விழித்தெழுகிறது. அன்று கதவு தட்டப்படுகிறது. கீழ்மாடிப் பாட்டி ஒரு தட்டில் தின்பண்டம் வைத்து நீட்டுகிறாள். மறைபரப்ப வந்தவர்களுக்குப் பிறப்பின் நற்செய்தியை அறிவித்தவள் அவள்!

2022 பெப்ரவரியில் யுக்ரேன் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. விமானச் சேவைகள் நின்றன. மார்ச் மாதத்தில் வெளிநாட்டு வங்கி அட்டைகள் செயலிழந்தன. ஊரிலிருந்து வரும் ஓய்வூதியத்தை எடுக்க வழியற்றுப்போயிற்று. எஞ்சியிருந்த வெளிநாட்டுத் தம்பதியரில் பலர் அவசரமாகப் புறப்பட்டனர்.

ரஷ்யரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர் வாசலைக் கடக்குமுன், போகிறவரும் வழியனுப்ப வந்தவரும் ஒரு நிமிடம் அமர வேண்டும். எவரும் பேசக் கூடாது. கதிரை இல்லையென்றால் கட்டிய பெட்டிகளின்மீதே அமர்ந்துவிடுவர். வெற்றாகிவிட்ட அந்த இரண்டு அறைகளில் அமெரிக்க முதியவர் ஒரு பெட்டியிலும் அவர் மனைவி மறு பெட்டியிலும் அமர்கின்றனர். கீழ்மாடிப் பாட்டி சாளரத் திண்ணையில் அமர்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொள்கிறாள். வாசலில் வாடகை வண்டி காத்து நிற்கிறது. ஒருவரும் பேசவில்லை. பின்பு பாட்டி எழுந்து, தன் திருச்சபை வழக்கப்படி வலத் தோளில் தொடங்கி இடத் தோளுக்கு அவர்கள்மீது சிலுவை அடையாளம் வரைகிறாள்.